சாரலில் ஒரு சோதனை நாள்

ஓர் ஆப்பில் புதிதாகச் சேர்த்த வசதியை, அதை எழுதியவர்கள் அல்லாத பலர் ஒரே நாளில் தங்கள் சொந்த போன்களில் பயன்படுத்திப் பார்த்து, எது ஓடுகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் தன்னார்வச் சோதனை நாள். நிறுவனங்களுக்குள் ஊழியர்களே கூடி இதைச் செய்தால் ‘பக் பேஷ்’ என்பார்கள். கட்டற்ற மென்பொருள் உலகில் ‘டெஸ்ட் டே’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மொசில்லா தன் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு இப்படிப் பல நாட்களை நடத்தியிருக்கிறது; ஆண்ட்ராய்டு பதிப்புக்கென்றே சில நாட்கள் ஒதுக்கப்பட்டன. ஃபெடோரா லினக்ஸில் மொழி வசதிகளைப் பார்ப்பதற்கென்று தனிச் சோதனை நாள் உண்டு.

தென்காசிக்கு இந்த வேலை அந்நியமானது இல்லை. ஸோகோ நிறுவனம் 2011-ல் இங்கே ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. பின்னர் அது மத்தளம்பாறையில் வளர்ந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான ‘ஸோகோ டெஸ்க்’ தென்காசிக் குழுவின் உழைப்பில் உருவான மென்பொருள். சொந்த ஊரில் இருந்தபடியே ஆப் எழுதும் இளைஞர்கள் இப்போது இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைச் சோதிக்க, ஊரைவிட நல்ல களம் வேறு கிடைக்காது.

எழுதியவரின் மேஜையில் இருக்கும் போன் புதியது, சார்ஜ் நிறைந்தது, வைஃபை வட்டத்துக்குள் இருப்பது. அதைத் தொடும் விரல் உலர்ந்தது. ஜூலை மாதச் சாரலில் குற்றாலம் ஐந்தருவிக்கு வரும் ஒருவரிடம் இந்த நான்கும் சேர்ந்து இருப்பது அபூர்வம். போன் பாலித்தீன் உறைக்குள் இருக்கும். கண்ணாடியில் துளி நிற்கும். எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்தவரின் விரலில் எண்ணெய் வழியும். கூட்டம் சேர்ந்துவிட்டால் டவர் திணறும்.

ஈர விரலின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. இன்றைய போன் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் ஒன்று பரவியிருக்கும். விரல் நெருங்கியதும் அது மாறும். மாறிய இடத்தைத் தொட்ட இடமாகப் போன் எடுத்துக்கொள்ளும். மலையில் இருந்து வரும் தண்ணீரிலும் கரைந்த தாதுக்கள் உண்டு, அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே ஒரு துளி உருண்டு ஓடினால், விரலால் தள்ளியது போலத் திரை நகரலாம். விரலும் துளியும் ஒட்டி நின்றால், தொட்ட இடம் ஒன்று, திறக்கும் பட்டன் இன்னொன்று என்று ஆகலாம். ‘சரி’, ‘ரத்து’ என்ற இரண்டு பட்டன்களையும் ஒட்டி ஒட்டி வைத்த ஆப் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் விட்டிருந்தால் தப்பித்திருக்கும். இந்தக் குறையை ஏசி அறையில், உலர்ந்த விரலால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

எதைச் சோதிப்பது?

ஆப் முழுவதையும் ஒரே நாளில் சோதித்துவிடலாம் என்று கிளம்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. ஒரு நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வசதிகள் போதும். உதாரணத்துக்கு, அருவியில் இப்போது குளிக்க அனுமதி உண்டா, தண்ணீர் எப்படி விழுகிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று சொல்லும் ஓர் ஆப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஓடிபி போட்டு உள்ளே நுழைவது ஒரு வசதி. ‘குளிக்கத் தடை’ என்ற அறிவிப்பு போனுக்கு வந்து சேர்வது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒழுங்காகப் பார்த்து முடிக்கவே நாற்பது பேருக்கு ஒரு பகல் சரியாக இருக்கும்.

சோதனைக்கு வைக்கும் பதிப்பு முந்தின நாளே உறைந்துவிட வேண்டும். காலையில் ஒரு பில்ட், மதியம் திருத்திய இன்னொரு பில்ட் என்று மாற்றிக்கொண்டே இருந்தால், எந்தப் பிழை எந்தப் பதிப்பில் வந்தது என்று சாயங்காலம் யாராலும் சொல்ல முடியாது. ஆப்பின் முதல் திரையிலேயே பதிப்பு எண் பளிச்சென்று தெரியும்படி செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆப்பைத் தன்னார்வலர்களின் போனில் ஏற்றும் வழியையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். கூகுள் ப்ளே ஸ்டோரின் உள்சோதனைத் தடத்தில் 100 பேர் வரை சேர்க்கலாம். ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளியாட்கள் 10,000 பேர் வரை சேரலாம். ஒரு பில்ட் 90 நாள் உயிரோடு இருக்கும். தனி ஆளாக ஆப் எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், ஆப்பைப் பொதுவில் வெளியிடும் முன் மூடிய சோதனை ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும் என்கிறது கூகுள். முதலில் 20 பேர் தேவை என்றார்கள். 2024 டிசம்பரில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். சிறு ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதும் ஒருவருக்கு இது எளிய நிபந்தனை இல்லை. காசுக்கு ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லும் குழுக்களிடம் போய்ப் பெயருக்கு 12 பேரைச் சேர்ப்பதைவிட, சோதனை நாளுக்கு வந்த உள்ளூர்க்காரர்களிலேயே 12 பேரை இரண்டு வாரம் தொடரச் சொல்வது எல்லா வகையிலும் மேல்.

யார் வர வேண்டும்?

ஒரு வசதியைப் பயன்படுத்துவதில் உள்ள சிக்கல்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தை ஐந்தே பேர் வெளிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பயன்பாட்டுத்திறன் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களில் இடறுவார் என்ற கணக்கில் இருந்து வந்த எண் அது. இதைப் படித்துவிட்டு ஒரே கல்லூரியில் இருந்து ஐந்து மாணவர்களை அழைத்து வந்தால் கணக்கு பொய்த்துப்போகும். ஐவரும் ஒரே இடத்தில் இடறுவார்கள். மற்ற இடங்களை ஐவரும் தாண்டிவிடுவார்கள். வெவ்வேறு வகை மனிதர்கள் பயன்படுத்தும் ஆப் என்றால், வகைக்கு மூன்று நான்கு பேர் என்று நீல்சனே சொல்வதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் சரி.

இந்த ஊரில் வகைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சீசனுக்கு ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கும் பழக்கடைக்காரர், வேன் டிரைவர், ஆட்டோக்காரர், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி, விடுதி வரவேற்பில் இருக்கும் பெண், குடும்பத்தோடு வந்த வெளியூர்க்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசும் செங்கோட்டைப் பக்கத்துக்காரர் என்று எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அங்கே ஒரே போனில் இரண்டு மொழி விசைப்பலகைகள் வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். மொழி மாற்றும்போது எழுத்து உடைகிறதா என்று பார்க்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

பீடி சுற்றும் பெண்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும். தென்காசி மாவட்டத்தின் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் நடக்கும் தொழில் அது. வருடக்கணக்கில் இலை சுருட்டித் தேய்ந்த விரலை ரேகை சென்சார் ஏற்க மறுப்பது உண்டு. விரல்ரேகை வைத்துத் திறக்கும் வசதியை ஓர் ஆப் கொண்டுவந்தால், அதன் உண்மையான தேர்வு அந்த விரலில்தான். ஆனால், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அரை நாள் வந்து உட்கார்ந்தால் அரை நாள் கூலி போயிற்று. தன்னார்வம் என்ற சொல்லைக் காட்டி அந்த இழப்பை அவர் தலையில் கட்டுவது அநியாயம். பஸ் கட்டணம், சாப்பாடு, டேட்டா ரீசார்ஜ், இழந்த கூலிக்கு ஈடு ஆகிய நான்கையும் பட்ஜெட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். டிஷர்ட்டும் சான்றிதழும் அதற்குப் பிறகு.

அழைப்பு அனுப்பும்போதே ஒவ்வொருவரிடமும் நான்கு விவரங்கள் கேட்டுக்கொள்ளலாம்: போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மிச்சம் இருக்கும் சேமிப்பிடம், எந்த சிம். இதை அட்டவணையாகப் போட்டுப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேரிடம் புது போன் இருந்தால், பழைய போன் உள்ளவர்களைத் தேடிப் போக வேண்டும். குறைந்த நினைவகம் உள்ள போன்களுக்காகவே 2017-ல் ‘ஆண்ட்ராய்டு கோ’ வந்தது. அந்த ரக போனும், குட்மார்னிங் படங்களால் சேமிப்பிடம் நிரம்பி வழியும் போனும் சோதனை நாளில் சிலவாவது இருந்தே ஆக வேண்டும்.

இடமும் எச்சரிக்கையும்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் ஜூனில் இருந்து சீசன். சனி, ஞாயிறில் கூட்டம் நெரியும். நெட்வொர்க் திணறும்போது ஆப் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க அது நல்ல நேரம். நாற்பது பேரை வைத்து ஒழுங்காக வேலை நடத்த மோசமான நேரம். நடைமுறையில் கைகொடுப்பது இதுதான்: வாரநாள் ஒன்றில் கூரையும் பிளக் பாயின்ட்டும் உள்ள மண்டபத்தில் முழுச் சோதனை, பிறகு வார இறுதியில் ஐந்தாறு பேர் மட்டும் கூட்டத்துக்குள் போய் ஒரு மணி நேரச் சோதனை. அருவிக்கு நேர் கீழே யாரும் போனோடு நிற்கக் கூடாது. ஈர விரல் சோதனைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்.

புகைப்படம் எடுத்து அனுப்பும் வசதி இருந்தால் இன்னொரு கட்டுப்பாடு தேவை. ஐந்தருவியில் ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். சோதனை என்ற பெயரில் ஒரு கேமராகூட குளிப்பவர்கள் பக்கம் திரும்பக் கூடாது. சோதனைக்கென்று மண்டபத்துச் சுவரில் ஒரு படத்தை ஒட்டிவைத்து அதையே எல்லோரும் எடுக்கலாம்.

எச்சரிக்கை அறிவிப்பைச் சோதிப்பது எல்லாவற்றிலும் நிதானம் வேண்டிய வேலை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மேலே மலையில் பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது; அந்தச் சில நிமிட இடைவெளியை போன் மூலம் நிரப்ப முடியுமா என்ற கேள்வி இங்கே யாருக்கும் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்க முடியாது. அதே காரணத்தால், ‘வெள்ளம் வருகிறது’ என்ற சோதனைச் செய்தி தவறிப்போய் கூட்டத்தின் நடுவே ஒலித்தால் படிக்கட்டில் நெரிசல் உண்டாகும்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் செல் பிராட்காஸ்ட் எனும் அவசரகால எச்சரிக்கை முறை சோதிக்கப்பட்டது. பலருடைய போன்கள் ஒரே நேரத்தில் அலறின. இது ஒரு மாதிரிச் சோதனை, நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்ற பொருளில் செய்தி வந்தது. சோதனை நடக்கப்போவது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ஊர்ச் சோதனைக்கும் அந்த இரண்டும் பொருந்தும். செய்தியின் முதல் சொல்லே ‘சோதனை’ என்று இருக்க வேண்டும். நோட்டிபிகேஷனில் முதல் சில சொற்கள்தான் கண்ணில் படும். பதிவு செய்த நாற்பது போன்களைத் தவிர வேறு எந்த போனுக்கும் அது போகாதபடி தனிப் பட்டியல் வேண்டும். அருவிக்கரைக் காவலர்களுக்கும் பேரூராட்சிக்கும் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். மழை வலுத்து உண்மையிலேயே தடை அறிவிக்கப்பட்டால், அன்றைய எச்சரிக்கைச் சோதனையை அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

கையில் கொடுக்கும் சீட்டு

வந்தவர்களிடம் ‘ஆப்பைப் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால், ‘நல்லா இருக்கு தம்பி’ என்ற பதில்தான் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு தர வேண்டும். அதில் ஒரு வேலை இருக்க வேண்டும். வேலையைச் சொல்லலாம், வழியைச் சொல்லக் கூடாது. ‘மெனுவைத் தொட்டு, மொழியைத் தமிழுக்கு மாற்றி, அருவி நிலவரத்தைத் திறக்கவும்’ என்று எழுதினால் வழி முழுவதும் போயிற்று. அந்த மெனு கண்ணுக்குத் தெரிகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. ‘நாளைக் காலை உங்கள் அண்ணன் குடும்பத்தோடு ஐந்தருவிக்கு வருகிறார். குளிக்க விடுவார்களா என்று பார்த்து அவருக்கு அனுப்புங்கள்’ என்று எழுதினால் மனிதர் தன் வழியைத் தானே தேடுவார். எங்கே தயங்குகிறாரோ அங்கே பிழை இருக்கிறது.

சோதனையாளர் ஜேம்ஸ் பாக், அவருடைய சகோதரர் ஜோனதன் பாக் இருவரும் 2000-ல் வகுத்த ஒரு முறை இந்த இடத்தில் உதவும். குறிக்கோள் ஒன்றைக் கையில் கொடுத்து, ஏறத்தாழ 90 நிமிடம் இடையூறில்லாமல் தேடவிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுவது அவர்கள் வழி. முதல்முறை வருகிறவர்களுக்கு 45 நிமிடம் போதும். காலையில் இரண்டு சுற்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் கண் சோர்ந்து, பிழையைப் பார்த்தும் பார்க்காமல் போவார்கள்.

ஐந்து பேருக்கு ஓர் உதவியாளர் தேவை. அவருக்கு ஒரே ஒரு கட்டளைதான்: அடுத்தவர் போனைத் தொடக் கூடாது. திணறுகிறவரைப் பார்த்ததும் ‘குடுங்கண்ணே, நான் பண்ணித் தாரேன்’ என்று வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். அன்பில் பிறந்த பழக்கம். சோதனை நாளில் மட்டும் அதை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆப்பை எழுதியவர்களே உதவியாளராக நிற்காமல் இருப்பது இன்னும் நல்லது. அவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

தமிழுக்கென்று தனிச் சுற்று ஒன்று வேண்டும். ஐந்தருவி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஐ, ந், த, ரு, வி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்து எழுத்து எண்ணும். யூனிகோட் முறையில் புள்ளியும் உகரக் குறியும் இகரக் குறியும் தனித் தனியாகச் சேமிக்கப்படுவதால், போனின் கணக்கில் அது எட்டு. குற்றாலம் என்பது நமக்கு ஐந்து, போனுக்கு ஒன்பது. பெயர்ப் பெட்டிக்கு 20 எழுத்து வரம்பு வைத்தவர் ஆங்கிலத்தில் சோதித்துத் திருப்தி அடைந்திருப்பார். தமிழில் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதுகிறவருக்கு நடுவழியில் பெட்டி அடைத்துக்கொள்ளும். வரம்பு ஓர் எழுத்தின் பாதியில் விழுந்தால் புள்ளி மட்டும் தொலைந்துபோய் ‘குற்றாலம’ என்று நிற்கும். குறுஞ்செய்தியிலும் இதே தொல்லை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் யூனிகோடில் 70.

‘கொ’ என்ற எழுத்தைச் சோதிக்காமல் தேடல் வசதியை வெளியிடக் கூடாது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு விசைப்பலகையில் அடித்த ‘கொல்லம்’ இன்னொரு விசைப்பலகையில் தேடுகிறவருக்குக் கிடைக்காமல் போனால், ஆப் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தவறுகிறது என்று அர்த்தம். இதோடு, மொழிபெயர்த்த பட்டன்களையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கிய ஆணை தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ ஆகிப் பாதி வெட்டுப்படும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியவர் ஒருவரின் போனில் அதைப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

பிழையை எழுதுவது

‘ஓடிபி வரவில்லை’ என்பது புகார். அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. ‘மண்டப வாசலில், இரண்டு சிம் போட்ட போனில், இரண்டாவது சிம்மின் எண்ணைக் கொடுத்தேன். 11.20-க்கு ஓடிபி கேட்டேன். 11.22-க்கு எஸ்எம்எஸ் வந்தது. அதற்குள் பெட்டி மூடி, மறுபடி எண் கேட்டது. மூன்று முறையும் இப்படியே’ என்பது அறிக்கை. இதைப் படித்ததுமே, எண்ணை உள்ளிடக் கொடுத்த அவகாசம் இந்த இடத்து நெட்வொர்க்குக்குப் போதவில்லை என்று ஆப்பை எழுதியவருக்குப் புரியும். என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, மறுபடி செய்தால் மறுபடியும் நடக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். எழுத வராதவர்கள் வாயால் சொல்ல, உதவியாளர் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘சுத்திக்கிட்டே இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் ‘லோடிங் தாமதம்’ என்று மாற்றி எழுத வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் பெயரோ வங்கிச் செய்தியோ தெரிந்தால் மறைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

தன்னார்வலரின் சொந்த போனில் சோதனை நடப்பதால் ஒப்புதல் என்பது சம்பிரதாயக் கையெழுத்தாக இருக்கக் கூடாது. எந்தத் தகவல் எடுக்கப்படும், எவ்வளவு நாள் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதி, வாசித்தும் காட்ட வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர்கள் குழந்தைகள். அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பிளஸ் டூ மாணவர்களை வகுப்போடு அழைத்து வர நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நாற்பது பேரால் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. ஸோகோவின் ‘அரட்டை’ ஆப் 2021-ல் வந்தது. 2025 செப்டம்பர் கடைசியில், புதிதாகச் சேர்கிறவர்கள் எண்ணிக்கை நாளுக்கு 3,000-ல் இருந்து மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஸோகோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அப்படி ஒரு வெள்ளத்தைத் தாங்குமா என்பதை எந்தச் சோதனை நாளும் காட்டாது. ஆயிரக்கணக்கான போலிப் பயனர்களை உருவாக்கும் கருவிகளை வைத்துத் தனியாகச் செய்ய வேண்டிய வேலை அது. மனிதர்களைக் கூட்டுவது, மனிதக் கையும் கண்ணும் மட்டுமே காணக்கூடிய பிழைகளுக்காக.

மாலையும் மறுவாரமும்

அறிக்கைகளை அன்று மாலையே பிரித்துவிட வேண்டும். இரவு தாண்டினால் எழுதியவருக்கே பாதி மறந்துவிடும். ஒரே பிழையைப் பலர் எழுதியிருப்பார்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டி, எத்தனை பேருக்கு வந்தது என்ற எண்ணைத் தலைப்பில் போடுவது வழக்கம். எண் சிறியது என்பதற்காக எதையும் கடைசிக்குத் தள்ளிவிட முடியாது. எழுத்து வெட்டுப்பட்டது பதினெட்டுப் பேருக்கு என்றும், ‘குளிக்கத் தடை’ அறிவிப்பு வராமல் போனது இரண்டே பேருக்கு என்றும் வைத்துக்கொண்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது இரண்டாவது. சில போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்பு பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்கவைத்துவிடுவது இதற்கு அடிக்கடி காணும் காரணம்.

வந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். எத்தனை பிழைகள் வந்தன, எவை சரியாயின, எவை ஏன் இப்போதைக்கு இல்லை என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலேயே தமிழில் எழுதிப் போடலாம். குரல் பதிவாகவும் போட்டால் படிக்க வராதவர்களுக்கும் சேரும். திருத்திய பதிப்பு தயாரானதும் அது முதலில் போக வேண்டிய இடம், பிழையைக் கண்டுபிடித்தவரின் அதே போன். விரல்ரேகை ஏற்கவில்லை என்று சொன்ன அம்மாவின் வீட்டுத் திண்ணைக்கே ஒருவர் போய், அதே சீட்டைக் கொடுத்து, அதே விரலை வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். திறந்தால் அறிக்கையின் மேல் ‘முடிந்தது’ என்று எழுதலாம். திறக்காவிட்டால், அடுத்த சோதனை நாளின் முதல் சீட்டு அதுதான்.